கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

மார்கழி மாதம் எங்களுக்கு ஓய்வில்லாத மாதம். பீலெஃபெல்ட் நகரத்துக் கந்தோர்களும் தொழிற்சாலைகளும் தம் ஊழியர்களுக்கு நத்தார் விருந்து வைக்கிற காலம் அது. வாத்திறைச்சி, சிவப்புக் கோவா, உருளைக்கிழங்கு உருண்டை என்று கோப்பைகள் போன வேகத்தில் திரும்பி வரும். நாங்கள் அடுப்படியிலும் கழுவுதொட்டியடியிலும் நிற்போம். நள்ளிரவுக்குக் கிட்ட வேலை முடித்து, கடைசி ட்றாமைப் பிடிக்க யான்பிளாட்ஸ் சதுக்கத்தை நோக்கி நடப்போம். அந்த நேரத்தில் எங்களில் மூத்தவர், நாங்கள் அண்ணை என்று கூப்பிடுகிறவர், வருசாவருசம் ஒரே கதையைத்தான் சொல்லுவார்.

"முந்தியெண்டால் இந்தக் கண்ணாடியளுக்குள்ளை கரடி மேளம் அடிக்கும். குரங்கு ஏணியிலை ஏறும். சின்னக் கோச்சி ஒண்டு மலையைச் சுத்தி ஓடும். இப்ப என்ன கிடக்கு? கழிவு விலையை எழுதி ஒட்டி வைச்சிருக்கிறாங்கள்."

எங்களோடு கோப்பை கழுவுகிற வயதான ஜேர்மன் அம்மாவும் இதையேதான் சொல்லுவா. சிறுவயதில் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்றவ. அவவுக்கு அது பிள்ளைப்பருவம். அண்ணைக்கு அது என்ன? அந்தக் கடைகளில் ஒரு கைக்குட்டைகூட வாங்காத ஒரு மனிதனுக்கு அந்தக் கண்ணாடிகள்மேல் எப்படி ஏக்கம் வரமுடியும்? பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டு, 2009க்குப் பிறகு இங்கு வந்து சேர்ந்த இளையவர்களான நாங்கள் முதலில் இதைப் பகிடியாகத்தான் எடுத்தோம். பிறகு அந்தக் கண்ணாடியின் சரித்திரத்தைத் தேடிப் படித்தோம். படித்ததை இங்கு எழுதுகிறோம்.

*

ஜேர்மனியின் பெரிய பல்பொருட் கடைகள் தலைநகரத்தில் பிறந்தவை அல்ல. வேர்ட்ஹைம் குடும்பம் 1875இல் பால்டிக் கடலோரத்துச் சிற்றூரான ஸ்ட்றால்சுண்டில் கடை திறந்தது. அதே ஊரில் 1879இல் லெயோன்ஹார்ட் டீட்ஸ் திறந்த கடைதான் பிற்காலத்தில் கௌஃப்ஹோஃப் ஆனது. 1881இல் விஸ்மாரில் றுடோல்ஃப் கார்ஸ்ராட் தொடங்கினார். 1882இல் கேராவில், தன் சிறியதகப்பன் ஹேர்மான் டீட்ஸின் முதலோடும் பெயரோடும் ஒஸ்கார் டீட்ஸ் தொடங்கினார். கட்டிய விலை, கைக்காசு, பேரம் இல்லை என்பதே இவர்களின் புதுமை.

இதை எங்கள் அனுபவத்தோடு வைத்துப் பார்த்தால் புரியும். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் புடவைக்கடைக்குள் காலை வைத்தால் முதலாளி கதிரை போட்டு இருத்துவார். பத்துச் சேலையை விரித்துக் காட்டுவார். அதன்பின் வெறுங்கையோடு வெளியே வர எங்களுக்குக் கூச்சம். கண்ணாடியும் விலைத்துண்டும் இந்தக் கூச்சத்தை இல்லாமலாக்கின. உள்ளே போகாமல், ஒருவரையும் கேளாமல், சல்லிக்காசு இல்லாதவனும் நின்று பார்க்கலாம். 1897இல் அல்ஃபிறெட் மெசெல் என்ற கட்டடக் கலைஞர் பேர்லின் லைப்சிகர் தெருவில் வேர்ட்ஹைமுக்குக் கட்டிக் கொடுத்த கடையில், உயர்ந்த கற்றூண்களுக்கு இடையே பெரிய பெரிய கண்ணாடிகள் நின்றன. மின்சார வெளிச்சம் வந்தபின் கடை பூட்டிய பின்னும் அந்தக் கண்ணாடிகள் விழித்திருந்தன.

நத்தார் இந்தக் கண்ணாடிகளின் திருவிழாவானது. நியூயோர்க்கில் மேசிஸ் கடை 1874இலேயே நத்தாருக்குப் பொம்மைகளைக் கண்ணாடிக்குள் காட்சிக்கு வைத்தது என்பர். ஜேர்மனியில் பொம்மைத் தொழில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. துணிக்கரடியால் புகழ்பெற்ற கீங்கன் ஊரின் ஸ்டைஃப் நிறுவனம், கடைக்காட்சிகளுக்கென்றே பெரிய அசையும் மிருகங்களைச் செய்து கொடுத்தது. உள்ளே சாவியோ மின்விசையோ சுழல, வெளியே கரடி தலையாட்டும். 1907இல் உருவான ஜேர்மன் வேர்க்பூண்ட் என்ற கலைஞர், கைத்தொழிலாளர் சங்கம் கடைக்கண்ணாடி அலங்காரத்தையும் கலையாக மதித்து விவாதித்தது.

எங்களுக்கும் இது முற்றிலும் அந்நியமான கலை அல்ல. தேவாலயத்துப் பாலன் குடிலில் வைக்கோலும் ஆட்டுக்குட்டியும் வைத்தவர்கள் நாங்கள். கொழும்பில் இருந்தவர்கள் வெசாக் தோரணங்களைப் பார்த்திருப்பார்கள். ஆயிரக்கணக்கான மின்குமிழ்கள் ஓடி ஓடி எரிய, புத்தரின் முற்பிறப்புக் கதை படம் படமாக விரியும். சனம் தெருவில் நின்று பார்க்கும். வித்தியாசம் ஒன்றுதான். தோரணத்தில் விலைத்துண்டு இருப்பதில்லை.

*

இந்தக் கதையில் எல்லோரும் விரும்பிச் சொல்லும் பகுதி இத்துடன் முடிகிறது. மிச்சத்தைச் சொல்லாமல் விட்டால் நாங்களும் ஏக்கத்தை விற்பவர்களாகி விடுவோம்.

வேர்ட்ஹைம், இரண்டு டீட்ஸ் குடும்பங்கள், சாக்சனியின் ஷொக்கன், பேர்லினில் 1907இல் காடேவே கடையைத் திறந்த அடொல்ஃப் யாண்டோர்ஃப் ஆகிய அனைவரும் யூதர்கள். ஜேர்மனியருக்கு நத்தார்க் கண்ணாடியைக் கட்டிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் நத்தார் கொண்டாடாத குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். நாஜிக் கட்சியின் 1920ஆம் ஆண்டு வேலைத்திட்டத்தில் 16ஆவது அம்சம், பெரும் பல்பொருட் கடைகளைப் பறித்துச் சிறு வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. 1933 சித்திரை 1ம் திகதி சீருடைக்காரர்கள் அந்தக் கண்ணாடிகளுக்கு முன்னால் காவல் நின்று, யூதனிடம் வாங்காதே என்று பலகை பிடித்தார்கள். அந்த வருடமே லெயோன்ஹார்ட் டீட்ஸின் பெயர் அழிந்து மேற்கு ஜேர்மன் கௌஃப்ஹோஃப் என்றானது. ஹேர்மான் டீட்ஸ் குடும்பம் வெளியேற்றப்பட்டது. பெயரின் முதலெழுத்துகளை ஒட்டி ஹேர்ட்டீ என்று மாற்றினார்கள். முதலாளியைத் துரத்திவிட்டு அவன் பெயரின் துண்டை மட்டும் வைத்துக் கொண்டார்கள்.

1938 கார்த்திகை 9ம் திகதி இரவு நாடு முழுவதும் யூதரின் கடைக்கண்ணாடிகள் நொறுங்கின. அந்த இரவைச் சரித்திரமே கண்ணாடியின் பெயரால்தான் அழைக்கிறது. பீலெஃபெல்டில் ரூர்ணர் தெருவில் 1905இல் கட்டிய யூதர் தொழுகைக்கூடம் எரிந்தது. இதைப் படிக்கும் எம்மவர் எவருக்கும் 1983 ஆடி நினைவுக்கு வராமல் போகாது. புறக்கோட்டைத் தமிழ்க் கடைகளின் கண்ணாடி நொறுங்கிய சத்தத்தைக் கேட்டவர்கள் எங்களில் இன்னும் இருக்கிறார்கள். இரண்டையும் சமன் என்று சொல்லவரவில்லை. பெயர்ப்பலகையைப் பார்த்துக் கடையைத் தெரிவுசெய்யும் கல் எப்படி எறியப்படும் என்பது எங்களுக்குத் தெரியும் என்று மட்டும் சொல்கிறோம்.

1941 மார்கழி 13ம் திகதி, நத்தாருக்கு 12 நாள் இருக்க, பீலெஃபெல்ட் புகையிரத நிலையத்திலிருந்து றீகாவுக்கு ஒரு வண்டி புறப்பட்டது. மியூன்ஸ்டர், ஒஸ்னாபிறுக், பீலெஃபெல்ட் பகுதிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 1000 யூதர்கள் அதில் ஏற்றப்பட்டார்கள். மிகச் சிலரே திரும்பி வந்தார்கள். இவ்வூரில் அவர்களைக் கூட்டி அடைத்து வைத்த இடம், கெசல்பிறிங்க் சதுக்கத்தில் இருந்த ஓர் உணவுவிடுதியின் மண்டபம். விருந்து மண்டபங்களுக்குக் கதிரை அடுக்குகிற எங்களால் இந்த வரியைச் சும்மா கடந்து போக முடியவில்லை.

*

1939இல் போர் தொடங்கியதும் இருட்டடிப்பு. கண்ணாடிகள் அணைந்தன. 1944 புரட்டாதி 30ம் திகதிக் குண்டுவீச்சில் பீலெஃபெல்டின் பழைய நகரம் அழிந்தது. போருக்குப் பின் பங்கீட்டு அட்டை, கள்ளச்சந்தை, வெறும் அலுமாரிகள். 1948 ஆனி 20ம் திகதி மேற்கு வலயங்களில் நாணயம் மாற்றப்பட்டது. அதுவரை பதுக்கியிருந்த சாமான்கள் மறுநாளே கண்ணாடிக்குள் வந்து குந்தின. அந்தத் தலைமுறை ஜேர்மனியருக்கு நிறைந்த கண்ணாடி என்பது பசி முடிந்ததன் அடையாளம். எங்கள் கோப்பை கழுவும் அம்மாவின் தகப்பன் அவவின் கையைப் பிடித்து அங்கே கூட்டிப் போனதன் காரணம் இதுதான்.

இன்னொரு காரணம் சட்டம். 1956ஆம் ஆண்டின் கடை அடைப்புச் சட்டப்படி கடைகள் வாரநாட்களில் மாலை 6.30க்கும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கும் பூட்டப்பட வேண்டியிருந்தது. பிறகு நத்தாருக்கு முந்திய நான்கு சனிக்கிழமைகளில் மாலை 6 மணிவரை திறக்க விட்டார்கள். வேலை முடிந்து குடும்பம் நகரத்துக்கு வரும்போது கடை பூட்டியிருக்கும், கண்ணாடி மட்டும் எரியும். வாங்க முடியாது, பார்க்கலாம். இன்று எல்லோரும் ஏங்குகிற அந்த மாலை உலா, கடை பூட்டியிருந்ததால் கிடைத்த உலா.

*

இப்போது அண்ணையிடம் வருவோம்.

அவர் 1985இன் தொடக்கத்தில் கிழக்கு பேர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃபிறீட்றிக் தெரு நிலையத்தால் மேற்கு பேர்லினுக்குள் வந்தவர். அந்த வழியால் வந்தவர்கள் பலர். அவ்வருட நடுப்பகுதியில் கிழக்கு ஜேர்மனி விசா இல்லாத தமிழரை ஏற்றாமல் விட்டதோடு அந்த வழி அடைபட்டது. பேர்லினில் குவிந்தவர்களை மாநிலங்களுக்குப் பங்கு பிரித்து அனுப்பினார்கள். அப்படித்தான் அவர் பெயர் கேள்விப்படாத பீலெஃபெல்டுக்கு வந்தார். அசூல் கேட்டவருக்கு முதல் வருடங்களில் வேலை செய்யத் தடை. அனுமதியில்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டவும் தடை. அகதி விடுதியில் ஓர் அறைக்குள் நாலு பேர். பகல் முழுக்கச் செய்வதற்கு ஒன்றுமில்லை. காசில்லாமல் போகக்கூடிய இடம் தெருதான். தெருவில் காசு கேட்காதது கண்ணாடிதான்.

1986 நத்தாருக்குச் சற்று முன்பு, அறைச் சிநேகிதனிடம் இரவல் வாங்கிய கம்பளிக்கோட்டோடு, மேளம் அடிக்கும் கரடிக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்தார். அந்தப் படம் யாழ்ப்பாணத்துக்குப் போனது. மூன்று மாதம் கழித்து அம்மாவின் கடிதம் வந்தது. கடை வடிவாயிருக்கு மேனை, அதிலையோ வேலை செய்யிறாய் என்று கேட்டிருந்தா. ஓம் என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. சுகமாயிருக்கிறேன் என்று எழுதினார். 1995 ஐப்பசியில் வலிகாமத்துச் சனம் இரவோடிரவாக வெளிக்கிட்டபோது அந்தப் படம் வீட்டோடு போனது. அவரிடம் பிரதி இல்லை.

எங்களில் மூத்தவர்கள் எல்லோரிடமும் இப்படி ஒரு படம் இருந்திருக்கிறது. கண்ணாடிக்கு முன்னால், அல்லது ஆரோ ஒருவரின் காருக்கு முன்னால். வீட்டைச் சமாதானப்படுத்தவே அனுப்பினோம். ஆனால் அந்தப் படங்களை நம்பித்தான் ஊரில் அடுத்தவன் காணியை ஈடுவைத்து ஏஜென்சிக்குக் காசு கட்டினான் என்பதையும் நாங்கள் மறக்கக்கூடாது.

அந்தக் காலம் இனிமையானதும் அல்ல. 1992 கார்த்திகையில் மோல்ன் நகரத்தில் துருக்கியரின் வீடுகளுக்குத் தீ வைத்து மூன்று பேரைக் கொன்றார்கள். மார்கழி 6ம் திகதி, பிள்ளைகள் சப்பாத்துக்குள் இனிப்புத் தேடும் புனித நிக்கொலாஸ் நாளன்று, மியூனிக் தெருக்களில் இலட்சக்கணக்கான ஜேர்மனியர் வெறுப்புக்கு எதிராக விளக்கேந்தி நின்றார்கள். அதே நாள் பெரிய கட்சிகள் கூடி, அரசியல் சட்டத்தில் இருந்த அசூல் உரிமையைச் சுருக்குவதற்கு உடன்பட்டன. 1993 ஆடி 1ம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. விளக்கும் கதவடைப்பும் ஒரே நாளில். அந்த மார்கழியிலும் கண்ணாடிக்குள் கரடி மேளம் அடித்தது என்று அண்ணை சொல்கிறார். ஆனால் பொழுதுபட்டபின் அதைப் பார்க்கப் போகவில்லை, பயம்.

*

கண்ணாடிகளின் கதையும் தேய்ந்தது. 1994இல் ஹேர்ட்டீயைக் கார்ஸ்ராட் விழுங்கியது. அதே வருடம் ஹோர்டன் கௌஃப்ஹோஃபிடம் போனது. 2009இல் கார்ஸ்ராட்டின் தாய் நிறுவனம் முறிந்தது. மிஞ்சிய இரண்டும் ஒன்றாகி, 2020, 2022, 2024 என்று மூன்று தடவை வங்குரோத்து மனுக் கொடுத்தன. நகரத்துக்கு நகரம் கடைகள் பூட்டுப்பட்டன. பூட்டுப்பட்ட ஒவ்வொரு கடையோடும் விற்பனைப் பெண்கள் பலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஏக்கக் கட்டுரைகளில் பொம்மைகளைத் தேடுகிற அளவுக்கு அவர்களை ஒருவரும் தேடுவதில்லை.

பீலெஃபெல்ட் புகையிரத நிலையத்துக்கு முன்னால், வண்டியேற்றப்பட்ட யூதர்களின் பெயர்கள் பொறித்த நினைவுச்சின்னம் ஒன்று இருக்கிறது. அண்ணை நாற்பது வருடத்துக்குக் கிட்ட இந்த ஊரில் இருந்தும் அதை நின்று வாசித்ததில்லை. போன மார்கழியில் ஒரு விடுமுறை நாளில் கூட்டிக்கொண்டு போனோம். கண்ணாடியைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வரிவரியாக வாசித்தார். பிறகு, "இதிலை உள்ளதுகளும் அந்தக் கண்ணாடியளைப் பாத்திருக்குங்கள் என்ன" என்றார். திரும்பி வரும் வழியில் கரடிக் கதை சொல்லவில்லை.

இளையவர்கள் நாங்கள் அவரைவிட நேர்மையானவர்கள் என்று எண்ண இடமில்லை. இன்று படம் அனுப்ப மூன்று மாதம் தேவையில்லை. வேலைக்கு நடுவே கைத்தொலைபேசியில் அம்மா முகத்தோடு முகம் பார்த்துப் பேசுகிறா. அழைப்பு வந்தால் நாங்கள் ஈர ஏப்ரனைக் கழற்றிவிட்டுக் கழுவுதொட்டிக்கு முதுகைக் காட்டாமல், நத்தார் விளக்குச் சோடித்த சுவர்ப்பக்கம் போய் நிற்கிறோம். வடிவான இடம் மேனை என்கிறா அம்மா. நாங்கள் ஓம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை.