திருக்காவலூர் முனிவரும் செய்யுட் கலைச்சொற்களும்

அரியலூர் மாவட்டத்தில் ஆண்டிமடத்தை அடுத்துள்ள வரதராஜன்பேட்டை, கத்தோலிக்கக் கிறிஸ்தவர் பெருவாரியாக வாழும் பேரூர். அத்தகைய ஊர்களிலிருந்து தமிழிலக்கியம் கற்க வரும் மாணவரும், நம் இறையியற் கல்லூரிகளுக்கு வரும் மாணவரும் ஒரு செய்தியில் ஒன்றுபடுகின்றனர். எதுகை, மோனை, இயைபு, முரண், அளபெடை என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்கின்றனர். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். அச்சொற்கள் எதற்காக ஆக்கப்பெற்றன, யார் கைவழியாக நம்மிடம் வந்து சேர்ந்தன என்பன அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை. இதே மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சி அவ்வரலாற்றில் மறக்கவியலாத ஓர் இடம். அவ்வூரைத் திருக்காவலூர் என்று பெயரிட்டழைத்த வீரமாமுனிவர், இக்கலைச்சொற்களைக் கற்றதோடு நில்லாமல் அவற்றுக்கு நூலும் செய்தார்.

கொன்ஸ்தான்சோ யோசேப்பு பெஸ்கி 1680ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்த இயேசு சபைத் துறவி. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகம் வந்தார். சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் பயின்றார் என்பர். மூன்று காண்டமும் முப்பத்தாறு படலமும் கொண்டு 3615 செய்யுளில் அமைந்த தேம்பாவணியை 1726இல் முடித்தார். அக்காப்பியத்தைப் போற்றுவார் பலர். ஆயினும் நாம் ஈண்டு நோக்க விரும்புவது காப்பியத்தை அன்று. காப்பியம் செய்தவர் தம் மேசையில் வைத்திருந்த கருவிகளை.

அவற்றுள் முதலாவது தொன்னூல் விளக்கம். 1730ஆம் ஆண்டினதாகிய இந்நூல் 370 நூற்பாக்களில் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்திலக்கணத்தையும் கூறுகிறது. எழுத்துச் சீர்திருத்தத்தால் அவர் பெயர் பலருக்கும் தெரியும். குறில் எகர ஒகரங்களுக்குப் புள்ளியிட்டு வேறுபடுத்திய பழைய வழக்கை விடுத்து, நெடிலின் கொம்பைச் சுழித்தெழுதும் முறையை அவரே புகுத்தினார் என்பது பள்ளிப் பாடம். யாப்பையும் அணியையும் பற்றி அவர் செய்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஐந்திலக்கணத்தை ஒரே நூலில் அடக்கிய வழக்கு அவர் தொடங்கியதன்று. பதினோராம் நூற்றாண்டில் வீரசோழியம் செய்த புத்தமித்திரர் பௌத்தர். யாப்பருங்கலக் காரிகையால் அசை, சீர், தளை, அடி, தொடை என்பவற்றை நமக்கு எளிமையாக்கிய அமிதசாகரர் சமணர். நன்னூலார் பவணந்தியும் சமணரே. பதினேழாம் நூற்றாண்டில் இலக்கண விளக்கம் செய்த வைத்தியநாத தேசிகர் சைவர். இவ்வரிசையின் இறுதியில் இத்தாலியக் கிறிஸ்தவர் ஒருவர் வந்து நிற்கிறார். தமிழ்ச் செய்யுட்கலைச் சொற்கள் வேற்றுச் சமயத்தாரின் உடைமை, திருமறைக்கும் அருளுரைக்கும் அவை வேண்டா என்று ஒதுங்கும் மனநிலை நம் மாணவரிடையே இன்றும் இல்லாமலில்லை. அச்சொற்கள் எந்த ஒரு சமயத்தின் உடைமையாகவும் இருந்ததில்லை என்பதே வரலாறு. சமணர் வகுத்த தொடையில் சைவர் பாடினர்; சைவரிடம் கற்றுக் கிறிஸ்தவர் பாடினர்.

இரண்டாவது கருவி 1732ஆம் ஆண்டினதாகிய சதுரகராதி. பெயரகராதி சொல்லுக்குப் பொருள் தரும். பொருளகராதி ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தரும். தொகையகராதி எண்ணால் தொகுத்து வழங்கும் பொருள்களை விரிக்கும். நான்காவது தொடையகராதி. நம் உள்ளத்தை மிகவும் கவர்வது இந்நான்காம் பகுதியே. எதுகைக்கு இயைந்த சொற்களைத் திரட்டித் தரும் அது, செய்யுள் செய்ய அமர்ந்து சொல் கிடையாது தவிப்பவனுக்காகவே தொகுக்கப்பட்டது.

எதுகையென்பது அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது. கடல், மடல், உடல் என்பன எதுகை. 'கடல்' என்பதற்குப் 'பாடல்' எதுகையாகாது. முதலெழுத்தின் மாத்திரை ஒத்திருத்தல் வேண்டும். ஐரோப்பிய மொழிகளின் பாட்டில் ஒலியொற்றுமை பெரும்பாலும் அடியின் ஈற்றில் வரும். நாம் இயைபு என்பது அதற்கு நெருங்கியது. தமிழோ அடியின் தலையில் ஒலியை எதிர்பார்க்கிறது. ஈற்றொலிக்குப் பழகிய செவியோடு வந்த ஓர் இத்தாலியர் தலையொலியைக் கேட்கத் தம் செவியைத் திருப்பிக்கொண்டார் என்பதற்குத் தொடையகராதியை விடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை. மேலைநாட்டு இராகங்களுக்கு மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகளில் சில நமக்கு ஏன் தமிழ்ப்பாட்டாகவே படுவதில்லை என்பதற்கு ஒரு காரணமும் இங்கே கிடைக்கிறது. அவற்றில் கருத்துக் குறைவில்லை. ஒலி வந்து நிற்கும் இடம் வேறு.

வீரமாமுனிவருக்கு முன் தமிழில் அகராதி இல்லை என்று சிலர் எழுதிவிடுகின்றனர். அது மிகைக்கூற்று. சிதம்பரம் ரேவணசித்தரின் அகராதி நிகண்டு 1594ஆம் ஆண்டினது. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி சொற்களை எதுகை முறையிலேயே அடுக்குகிறது. முன்னோர் மனப்பாடத்திற்காகச் செய்யுளில் அமைத்ததைத் தேடிக் காண்பதற்காக வரிசைப்படுத்தியதே முனிவரின் பணி. நிகண்டு கற்றவனுக்கு உதவும். அகராதி கற்கின்றவனுக்கும் உதவும்.

இனிச் சிற்றிலக்கியப் பெயர்களுக்கு வருவோம். திருக்காவலூர்க் கலம்பகம், அன்னை அழுங்கல் அந்தாதி, கித்தேரியம்மாள் அம்மானை என்று அவர் நூற்பெயர்களே ஒரு கலைச்சொற் பட்டியலாகும். முன்பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதலாவது அந்தாதி. பெண்கள் காய் எறிந்து ஆடும் விளையாட்டுப் பாட்டிலிருந்து வளர்ந்தது அம்மானை. பலவகைப் பாவும் பதினெட்டு உறுப்பும் விரவிவருவது கலம்பகம்.

இங்கே இறையியல் மாணவர் சற்று நின்று எண்ண வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பாட்டியல் நூல்கள் கலம்பகத்தின் பாட்டுத்தொகையைப் பாடப்பெறுவோரின் நிலைக்கேற்ப வரையறுக்கின்றன: தேவர்க்கு 100, அந்தணர்க்கு 95, அரசர்க்கு 90, அமைச்சர்க்கு 70, வணிகர்க்கு 50, வேளாளர்க்கு 30. பாக்களுக்கும் வருணம் கூறப்பட்டது. வெண்பா அந்தணர்க்கு, ஆசிரியப்பா அரசர்க்கு, கலிப்பா வணிகர்க்கு, வஞ்சிப்பா வேளாளர்க்கு என்பது அப்பகுப்பு. இப்பட்டியலுக்குள்ளே வராத மக்களைப் பாடுவதற்குப் பாவே இல்லை. எனவே கலைச்சொல்லைக் கடன் வாங்கும்போது அதனோடு ஒட்டிய சமுதாய வரிசையையும் வாங்குகிறோமா என்னும் வினாவைத் தள்ளிவிட முடியாது.

நம் சீர்திருத்தச் சபை மரபில் இவ்வினாவுக்கு விடை எளிதாகக் கிடைக்கவில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) அரசவைக்கும் கோயிலுக்கும் உரியதாயிருந்த குறவஞ்சியை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். ஊரூராய்த் திரிந்து குறிசொல்லும் பெண்ணையே விசுவாசத்தின் உருவமாக்கினார். இலக்கிய வகையைத் தலைகீழாய்த் திருப்பிய துணிவு அது. ஆனால் அதே சாஸ்திரியார், 1829ஐ ஒட்டிய ஆண்டுகளில், சபைக்குள் சாதி வேறுபாட்டை ஒழிக்க முற்பட்ட மிஷனரிமாரை எதிர்த்து எழுதியவர்களுள் ஒருவர். பாட்டில் குறத்திக்குக் கொடுத்த இடத்தை ஆலயத்தில் தாழ்த்தப்பட்டோர்க்குக் கொடுக்க அவர் இசையவில்லை. அவர் பாடல்களைப் பாடும் நாம் இதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. இலக்கிய வகை மாறியதால் மட்டும் வாழ்க்கை வகை மாறிவிடாது.

இக்கலைச்சொற்கள் திருமறை வாசிப்பிற்கு எங்ஙனம் உதவும் என்பதையும் காண்போம். எபிரேயக் கவிதையில் ஓரடியின் கருத்தை அடுத்த அடி வேறு சொல்லால் திரும்பக் கூறும் என்பதை 1753இல் இராபர்ட் லோத் விரிவாக எடுத்துக்காட்டினார். இதற்குத் தமிழில் என்ன பெயரிடுவது? முரண்படக் கூறும் அடிகளை முரண்தொடை என்று சொல்லிவிடுகிறோம். முதலாம் சங்கீதத்தின் இறுதி வசனத்தில் நீதிமான் வழியும் துன்மார்க்கர் வழியும் எதிர்நிற்பது முரண்தான். எனினும் நம் தொடை அடியின் தலையில் வரும் சொல்லையும் அதன் பொருளையும் சார்ந்தது. அங்கே எதிர்நிற்பன முழு வாக்கியங்கள். ஒத்த கருத்தைத் திரும்பக் கூறுவதற்கு, தண்டியலங்காரம் சொல்லும் பொருள் பின்வருநிலையணி நெருங்கி வருகிறது. 'ஞாயிறு எழுந்தது; மதி உதித்தது; மீன் தோன்றியது' என்றால் எழுதல் என்னும் ஒரே பொருள் மூன்று சொல்லால் வந்தது. ஆனால் இவ்வணியில் எழுவாய் வேறுபடலாம். 114ஆம் சங்கீதத்தின் தொடக்கத்திலோ இஸ்ரவேலும் யாக்கோபின் குடும்பமும் ஒருவரே. எகிப்தும் அந்நிய பாஷைக்காரரும் ஒன்றே. எழுவாயும் பயனிலையும் சேர்ந்தே இரட்டிக்கின்றன.

119ஆம் சங்கீதத்தை அந்தாதி என்று எழுதிய விடைத்தாள்களைக் கண்டிருக்கிறோம். அது அந்தாதியன்று. இருபத்திரண்டு எபிரேய எழுத்துகளுக்கும் எழுத்துக்கு எட்டாக 176 வசனம் அமைந்த அதனை, எழுத்து முறையில் பாட்டுத் தொடங்கும் நம் வருக்கக் கோவையோடு ஒப்பிடலாம். ஆத்திசூடியைக் கற்ற சிறுவனுக்கும் அவ்வமைப்பு விளங்கும். அந்தாதியின் சாயலைத் தேடுபவர் ஆரோகண சங்கீதங்களுக்குச் செல்லலாம். 121ஆம் சங்கீதத்தில் முதல் வசனம் ஒத்தாசையில் முடிய, இரண்டாம் வசனம் அதே சொல்லை ஏந்திக்கொண்டு தொடங்குகிறதன்றோ? பெயர் சரியாக அமைந்தால் கண்ணும் சரியான இடத்தில் நிற்கும்.

வீரமாமுனிவர் நம் சபைக்கு நண்பரல்லர். தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிமாரை மறுத்து வேதவிளக்கம், பேதகமறுத்தல் முதலிய நூல்களை எழுதினார். அவர்தம் தமிழ்நடையையும் சாடினார். அங்கிருந்தும் கடுமையான மறுப்புகள் எழுந்தன. அத்தகைய காலத்தில், அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டது தரங்கம்பாடி லுத்தரன் அச்சகமே. எதிரியின் கொள்கையை மறுத்துக்கொண்டே அவர் இலக்கணத்தைக் கற்றனர். கற்றதோடு தம் எழுத்துகளால் கோத்தும் கொடுத்தனர். முனிவர் 1747இல் அம்பலக்காட்டில் மறைந்தார். செந்தமிழின் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தையும் சுருக்கி அவர் இலத்தீனில் எழுதிவைத்த மற்றொரு நூல் நெடுங்காலம் கையெழுத்துப் படியாகவே கிடந்தது. பர்னெல் என்னும் அறிஞரின் முயற்சியால் 1876இல் அது அச்சேறியபோது, அச்சிட்டதும் தரங்கம்பாடியிலிருந்த லுத்தரன் மிஷன் அச்சகமே.