இருவர் ஒருமுறை, ஒருவர் இருமுறை

மெட்டல் இசைத் தட்டைக் கேட்பவர்கள், இடப்பக்கம் ஒருவரும் வலப்பக்கம் ஒருவருமாக இரண்டு பேர் ரிதம் கிட்டார் வாசிப்பதாக எண்ணிக்கொள்வதுண்டு. மெட்டாலிகாவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்’ (1986) தட்டில் அந்த இருவருமே ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட்தான். கோபன்ஹேகனின் ஸ்வீட் சைலன்ஸ் ஸ்டூடியோவில் 1985-இல் ஃப்ளெமிங் ராஸ்முசென் பதிவு செய்ய, அதே வாசிப்பை மறுபடி மறுபடி வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார் ஹெட்ஃபீல்ட்.

ஆந்திராவின் வரதய்யபாளையம், சத்தியவேடு பக்கம் கல்யாண மேளத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. இரண்டு நாதஸ்வரக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே கீர்த்தனையை ஒரே நேரத்தில் வாசிக்கிறார்கள். தவிலை அங்கே டோலு என்பார்கள் என்பது தவிர, மேளத்தின் அமைப்பு தஞ்சாவூர்ப் பக்கத்து மேளத்தின் அமைப்புதான். மெட்டலில் ஒருவர் இருமுறை, மேளத்தில் இருவர் ஒருமுறை. இரண்டுக்கும் நோக்கம் ஒன்று: ஒற்றை வரியைக் கனமாக ஒலிக்கச் செய்வது.

முதலில் சுருதி. நாதஸ்வர ஜோடிக்கு ஒரே அளவில் கடைந்த ஆச்சா மரக் குழல்கள் வேண்டும். நரசிங்கம்பேட்டை அதற்குப் பேர்போனது. குழலின் அடித்துளைகளில் மெழுகை வைத்தும் எடுத்தும் சுருதியைச் சரிசெய்வார்கள். வாய்ப்பக்கத்தில் நூலில் மாற்றுச் சீவாளிகளும் (ஊதும் நாக்குகள்) ஓர் ஊசியும் தொங்கும். அவ்வளவு செய்தும் சீவாளிக்குச் சீவாளி கொஞ்சம் மாறத்தான் செய்யும். அந்த இடைவெளியை உதடும் மூச்சும் அந்தந்தக் கணத்தில் மூடிவிடுகின்றன.

கிட்டாரில் அந்தச் சலுகை கிடையாது. ஸ்வரத்தின் இடத்தை ஃபிரெட் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது. தடித்த தந்தியின் அதிர்வு வினாடிக்குச் சுமார் 82. அதைப் பலமாக அடித்தால் முதல் நொடித்துளியில் சுருதி ஏறி, பிறகுதான் இடத்துக்கு இறங்கும். முதல் டேக்கில் (ஒருமுறை வாசித்த பதிவில்) மென்மையாகவும் இரண்டாவதில் ஆவேசமாகவும் அடித்தால், ட்யூனர் சரியென்று காட்டினாலும் இரண்டும் ஒட்டாது. அதனால்தான் ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் சுருதி பார்ப்பதோடு, அடியின் பலத்தையும் ஒரே அளவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அடுத்தது காலப்பிரமாணம். நிமிடத்துக்கு 200 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டுக்கு 300 மில்லி வினாடி. அதை நான்காகப் பிரித்தால் ஓர் அடிக்கு 75. இரண்டு டேக்குக்கும் இடையில் 20 மில்லி வினாடி விலகினாலே அடி இரட்டித்துக் காதில் விழும். நாதஸ்வர ஜோடியில் இப்படி ஒரு விலகல் வந்தால் அடுத்த சங்கதிக்குள் ஒருவர் மற்றவருக்கு இடம் கொடுத்துவிடுவார். ஒருவர் மூச்செடுக்கும்போது இன்னொருவர் வரியைத் தாங்குவார். ஹெட்ஃபோனில் கேட்கும் முதல் டேக்கோ யாருக்கும் இடம் கொடுக்காது. அது முடிந்துபோன வாசிப்பு. இரண்டாவது கைதான் முழுக்க அதற்கு இணங்க வேண்டும். அந்த வகையில் மேளக்காரரின் பலம் செவி. கிட்டார்காரரின் பலம் ஞாபகம்.

மூன்றாவது, நிறுத்தம். நாதஸ்வரத்தின் அழகு நாதம் அறுபடாமல் ஓடுவதில் இருக்கிறது. மெட்டல் ரிஃபின் கட்டு, நாதம் அறுபடும் இடத்தில் இருக்கிறது. வலக்கையின் விளிம்பைப் பிரிட்ஜ் மேல் வைத்துத் தந்தியை அமுக்கி அடிக்கிறார்கள். கை சற்று முன்னே நகர்ந்தால் ஒலி செத்துவிடும், பின்னே நகர்ந்தால் திறந்துகொள்ளும். இரண்டு டேக்கும் சேர்ந்து தொடங்கி, ஒன்று மட்டும் சற்று முன்னதாக முடிந்தால் போதும், கட்டு தளர்ந்துவிடும். நாய்ஸ் கேட் இரைச்சலை அடைக்கும்; தாமதமாக எடுத்த கையைத் திருத்தாது.

இவ்வளவு ஒற்றுமை வேண்டுமென்றால், ஒரே டேக்கைப் பிரதியெடுத்து இரு பக்கமும் வைத்துவிட்டால் என்ன? வைத்துப் பார்த்தால் ஒலி நடுவில் வந்து குவிந்து, சத்தம் மட்டும் கூடும். அகலத்தைத் தருவது இரண்டு கைகளுக்கும் இடையில் மிஞ்சும் நுண்ணிய வேறுபாடு. ஆனால் இடம், வலம் என்ற பிரிவினை இல்லாமலும் இணைப்பின் செழுமை கேட்கும் என்பதற்கு நம்மிடம் சான்று உண்டு. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் சிவாஜி கணேசனும் ஏ.வி.எம். ராஜனும் நடித்த அண்ணன் தம்பிக்காக வாசித்தவர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். படம் மோனோ ஒலியில் வந்தது. ஒற்றை ஒலிபெருக்கி வழியாகவும் இரண்டு குழல்களின் சேர்க்கை தெரிகிறது. காரணம், இரண்டு சீவாளிகளின் நாதமும் ஒன்றோடொன்று உரசும் அந்த அதிர்வு.

கிட்டார் அடுக்கையும் இதே மோனோவில் போட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. அகலம் போய்விடும், இசைவில்லாத அடிகள் வெட்டவெளிச்சமாகும். அப்படித் தெரிந்தால் மூன்றாவது, நான்காவது டேக்கைச் சேர்ப்பதில் பயனில்லை. ஒவ்வோர் அடுக்கும் குழப்பத்தைத்தான் கூட்டும். டிஸ்டார்ஷனுக்கும் இது பொருந்தும். தனியாகக் கேட்கும்போது போதாதென்று தோன்றும் அளவே நான்கு சேரும்போது போதுமானது.

நாதஸ்வரக்காரர்கள் ஒரே குருவிடம் ஒரே பாடாந்தரத்தில் பயின்று, எந்தச் சங்கதி எங்கே முடியும் என்பதை மேடைக்கு வருமுன்பே தீர்த்துவிடுகிறார்கள். வீட்டிலேயே மெட்டல் பதிவு செய்யும் இளைஞர் இவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான். எந்த அடியில் கை அமுங்கும், எந்தத் தந்தி எங்கே நிற்கும் என்ற பாடாந்தரம் ரெக்கார்ட் பொத்தானை அழுத்துமுன்பே முடிவாகியிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் மிஞ்சுகிற வேறுபாடு நாதத்தில் இருக்கலாம், காலத்தில் இருக்கக் கூடாது.