ஐ.பி. கொடுத்தால் எந்தக் கடன் போகும்?

ஐ.பி. என்கிற திவால் மனுவைப் போட்டு மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டால் கடன் மொத்தமும் போச்சு என்று எங்கள் கொங்குப் பக்கத்தில் இன்னும் நம்புகிறார்கள். வக்கீல் குமாஸ்தாவாகத் திவால் மனுக்களை டைப் அடித்தே வயிறு வளர்த்தவன் சொல்கிறேன், அப்படியில்லை.

சென்னை நகரத்துக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம். வெளியூர்களுக்கு முதலில் 1907, பிறகு 1920ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம். கடன் 500 ரூபாயை எட்டினாலோ, பணம் கட்டச் சொன்ன கோர்ட் டிகிரிக்காகக் கைதானாலோ கடனாளியே மனுப் போடலாம். கடனுக்காகச் சிவில் ஜெயிலில் கிடந்தவருக்கு அது பெரிய வழி.

மனுவோடு கடன் பட்டியல் வைப்போம்: அடமானம், புரோநோட்டு, கைமாற்று, மளிகைப் பாக்கி, கடைசியில் ஆள்கூலி. அடமானம் பிடித்தவருக்குக் கவலையில்லை, அவர் உரிமையைச் சட்டம் தொடாது. மற்ற சொத்தை ரிசீவர் விற்பார். சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவி, பெண் கழற்றக்கூடாத தாலி இவற்றில் கை வைக்க முடியாது. மனுவுக்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் மனைவி பெயருக்குச் சும்மா எழுதிவைத்த நிலத்தையும் கோர்ட் ரத்து செய்யலாம்.

விற்ற பணத்தில் செலவு போக, அரசு பாக்கியும் கூலியும் முன்வரிசையில் நிற்கும். ஆனால் கூலிக்கு ஒரு வரம்பு போட்டார்கள். மனுவுக்கு முந்தைய நான்கு மாத வேலைக்கு 20 ரூபாய்! சென்னைச் சட்டத்தில் அதே கூலியாளுக்கு 100, குமாஸ்தாவுக்கு 300. வெளியூர்த் தறிக்காரர் மீதிக் கூலிக்கு வட்டிக்காரரோடு சேர்ந்து வரிசையில் நிற்க வேண்டியதுதான். பட்டியலின் கடைசியில் அந்தப் பெயர்களை அடிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ராப்பகலாகத் தறி ஓட்டியவரின் பணமும் வட்டிக்கு விட்ட பணமும் ஒன்றா?

கோர்ட் கடனாளியை விடுவித்த பிறகும் சில கடன்கள் போகாது. அரசுக் கடன், மோசடி செய்து வாங்கிய கடன், மனைவி மக்களுக்குக் கட்ட வேண்டிய ஜீவனாம்சம் எல்லாம் அவர் தலைமேலேயே இருக்கும். ஜாமீன் போட்டவருக்கும் விடுதலை கிடையாது. "மாப்பிள்ளை கேட்டாரேன்னு கையெழுத்துப் போட்டேங்க, அவருதான் ஐ.பி. குடுத்துட்டாரே, என்னை எதுக்குங்க புடிக்கிறாங்க?" என்று சம்மனோடு வந்து நின்றவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் என் வேலையிலேயே கொடுமையானது.

2016ஆம் ஆண்டுத் திவால் சட்டம் பணம் பிரிக்கும் அந்த வரிசையை நியாயமாக மாற்றி எழுதியது. தொழிலாளியின் 24 மாத நிலுவை அடமானக் கடனுக்குச் சமமாக நிற்கும், அரசு பாக்கி அதற்கும் கீழே போகும். ஆனால் தனிநபர்களுக்கான அந்தப் பகுதியை, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். சின்னப் பட்டறைக்காரர் கொடுக்கும் மனுவும், அதன் கடைசிப் பக்கத்தில் இருக்கும் தறிக்காரர் கூலியும், 1920ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் கிடக்கின்றன.