ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கல்லூரி

கும்பகோணம் அரசு கல்லூரிக்குத் 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்று ஒரு பழைய பட்டம் உண்டு. கல்லூரியைப் பற்றி எழுதுகிற எவரும் அதைச் சொல்லாமல் விடுவதில்லை. படிப்பின் தரத்துக்காகக் கிடைத்த பெயர்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் இன்று அந்தக் கல்லூரியின் பெயரை உலகம் அறியச் செய்திருப்பவர்கள் இருவர். ஒருவர் பட்டம் எதுவும் பெறாமல் ஆசிரியராக உள்ளே வந்தவர். மற்றவர் பாடத்திட்டத்துக்குள் நிற்க மாட்டாமல் வெளியே போனவர். இருவர் வரலாற்றிலும் கல்லூரிக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு ஊருக்கும் உண்டு என்பது என் எண்ணம்.

ஆண்டுக்கணக்கை முதலில் சொல்லிவிடலாம். 1854இல் மாகாணப் பள்ளியாகத் தொடக்கம், 1867இல் கல்லூரி, 1877இல் சென்னைப் பல்கலைக்கழக இணைப்பு, 1881இல் பள்ளி வகுப்புகள் நீங்கி முழுக் கல்லூரி. இந்த வளர்ச்சிக்கு முதுகெலும்பாக நின்றவர்கள் கேம்பிரிட்ஜில் பயின்று வந்த வில்லியம் ஆர்ச்சர் போர்ட்டரும் தி. கோபாலராயரும். ஊரார் இருவரையும் மறக்கவில்லை. போர்ட்டர் பெயரில் டவுன் ஹாலும் கோபாலராயர் பெயரில் நூல்நிலையமும் எழுந்தன.

கோபாலராயரிடம் சென்றுதான் தியாகராச செட்டியார் தமக்குப் பின் யாரை நியமிக்க வேண்டும் என்று பேசினார். செட்டியார் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர்; கல்லூரித் தமிழாசிரியர்; ஓய்வுபெறும் நிலையில் இருந்தார். தம் இடத்துக்கு அவர் கண்டெடுத்த ஆள் அதே ஆசிரியரின் இன்னொரு மாணாக்கர், திருவாவடுதுறை ஆதீனத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த உ.வே. சாமிநாதையர். வயது இருபத்தைந்து. ஆங்கிலக் கல்வி கிடையாது, சான்றிதழ் கிடையாது. கல்லூரி ஆசிரியர்கள் அவரை எதிரே உட்காரவைத்துச் செய்யுள் பாடச் சொன்னார்கள், பாடினார். நேர்காணல் முடிந்தது. மாதச் சம்பளம் 50 ரூபாய். காகிதத்தைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து வேலை கொடுத்த அந்தத் துணிச்சல் இன்றைய தேர்வுக் குழுக்களுக்கு வாய்க்குமா என்று கேட்கத் தோன்றுகிறது. செட்டியாரின் வாக்குக்கு அன்று இருந்த மதிப்பு அப்படி.

1880 பிப்ரவரியில் ஐயர் வகுப்புக்குள் நுழைந்தார். சனி ஞாயிறுகளில் திருவாவடுதுறைக்குப் போய் மடத்தில் பாடம் சொல்வார். திங்கட்கிழமை மீண்டும் கல்லூரி. அந்த ஆண்டு அக்டோபரில், ஊருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். தாம் படித்த அந்தாதி, உலா, பிள்ளைத்தமிழ் என்று வரிசையாகச் சொல்லியும் முதலியாரின் முகம் மலரவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று ஒரே கேள்வியில் அவரை மடக்கினார். கல்லூரிக்கும் அந்தக் கேள்விக்கும் தொடர்பில்லை, கேட்டவர் நீதிமன்றத்துக்காரர். ஆனால் விடை தேடும் ஓய்வையும் வருவாயையும் கொடுத்தது கல்லூரி வேலைதான்.

சிந்தாமணி சமண நூல். அதன் கோட்பாடுகளைச் சைவ மடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியுமா? கும்பகோணத்திலேயே சமணர் குடும்பங்கள் இருந்தன. சந்திரநாத செட்டியாரைப் போன்றவர்களிடம் போய்ச் சந்தேகம் தெளிந்தார். 1887இல் நூல் அவர் பதிப்பாக அச்சேறியது. மணிமேகலைக்கு வந்தபோது இன்னும் பெரிய சிக்கல்: ஊரில் பௌத்தர் இல்லை, பௌத்தத்தைப் பற்றிய புத்தகங்களோ ஆங்கிலத்தில் இருந்தன. அங்கேதான் உடன் வேலை பார்த்த ரங்காசாரியர் கைகொடுத்தார். மேனாட்டு அறிஞர் எழுதியவற்றை அவர் படித்துப் பொருள் சொல்ல, ஐயர் தம் காப்பியத்தோடு ஒட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டார். இருவர் பாடமும் வேறு, படித்த முறையும் வேறு. 1898இல் வந்த மணிமேகலைப் பதிப்பில் அந்த உழைப்பின் பயன் தெரியும். ஆசிரியர் அறை என்பது வேறெதற்குத்தான் இருக்கிறது!

மாணவர் பக்கம் வருவோம். கல்லூரி காவிரியின் அக்கரையில். கோடையில் மணலில் நடந்தே போய்விடலாம். வெள்ளம் வந்தால் ஓடம். பாலம் வந்தது வெகு காலம் கழித்துத்தான். திருநெல்வேலி, திருச்சி என்று வெளியூர்களிலிருந்து வந்த பிள்ளைகள் அக்கிரகார வீடுகளில் இடம் பிடித்துத் தங்குவார்கள். வீட்டுக்காரர்களுக்கும் நாலு காசு வரும். சாரங்கபாணி சன்னதித் தெருவில் அப்படி மாணவர்களை வைத்துச் சாப்பாடு போட்ட வீடுகளில் ஒன்று கோமளத்தம்மாளுடையது. கணவர் துணிக்கடைக் குமாஸ்தா. மாதம் 20 ரூபாய். அந்த வீட்டுப் பையன் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களிடம் கணக்குக் கேட்டுக் கேட்டு, அவர்களுக்குத் தெரிந்ததை முடித்துவிட்டான். அவர்கள் கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகங்கள் அவனிடம் போயின. லோனியின் திரிகோணமிதியும் கார் என்பவரின் கணிதத் தொகுப்பு நூலும் இராமானுஜனின் கைக்கு வந்தபோது அவன் இன்னும் பள்ளிப் பிள்ளை.

1904இல் உதவித்தொகையோடு கல்லூரியில் சேர்ந்தான். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலக் கட்டுரையில் தவறியதால் உதவித்தொகை போயிற்று. பருவத்துக்கு 32 ரூபாய் சம்பளம் கட்ட வேண்டிய நிலை. தகப்பனாரின் வருவாயில் ஒன்றரை மாதத்துக்கு மேல். தாயார் கல்லூரித் தலைவரை நேரில் கண்டு வாதாடியும் பயனில்லை. 1905இல் பையன் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டான். கல்லூரியைப் பழிப்பது எளிது. எல்லாப் பாடத்திலும் தேறியாக வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. ஒரு கல்லூரித் தலைவர் அதை வளைத்திருக்க முடியாது. ஆனாலும் தலைவருக்கும் விதிக்கும் இடையே, பையனின் நோட்டைப் புரட்டிப் பார்க்க ஒருவர் இருந்திருக்கலாம். ஐயரை எடுத்துக்கொண்டபோது அப்படிப்பட்ட ஒருவர் இருந்தார். 1903 நவம்பரில் ஐயர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகிப் போனார். சில மாதங்களில் இராமானுஜன் உள்ளே வந்தான். அவ்வளவு நெருக்கத்தில் ஒருவரையொருவர் தவறவிட்டார்கள்.

இன்னொரு மனக்குறையும் எனக்குண்டு. கும்பகோணத்தில் பழுத்தவர்களைச் சென்னை பறித்துக்கொண்டது. ஐயர் போனார், ரங்காசாரியர் போனார், கணக்கு ஆசிரியர் பி.வி. சேஷு ஐயரும் மாநிலக் கல்லூரிக்கே போனார். அரசாங்கக் கல்லூரியில் அது பதவி உயர்வு. ஊருக்கு அது இழப்பு. ஆனால் சேஷு ஐயர் அங்கே இருந்ததால் ஒன்று நடந்தது. வேலை தேடிச் சென்னையில் அலைந்த பழைய மாணவன் அவர் முன் வந்து நின்றபோது அவர் அடையாளம் கண்டுகொண்டார். நெல்லூரில் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவுக்கு அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்தார். பிறகு, கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிப் பார் என்று தூண்டியவர்களிலும் அவர் ஒருவர்.