நோயாளிக்குப் பிடித்த மருத்துவர்: இனிமையும் மருத்துவத் திறனும்

மருத்துவர்களைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசுவதுண்டு. ‘நல்ல கெட்டிக்காரர், ஆனா எரிஞ்சு விழுவார்’ என்பது ஒன்று. ‘அவர்கிட்ட பேசினாலே பாதி வியாதி போயிடும்’ என்பது மற்றொன்று. இரண்டிலும் உள்ள எண்ணம் ஒன்றே: மருத்துவத் திறன் வேறு, மனிதருக்குப் பிடித்தவராக இருப்பது வேறு. மருத்துவக் கல்வியும் நெடுங்காலம் அப்படியே எண்ணிவந்தது. பொது மருத்துவத்தைப் பொறுத்தவரை இந்தப் பிரிவினை தவறானது. நோயாளிக்குப் பிடித்துப்போவது நோயறியும் திறனுக்குள்ளேயே அடங்கும் என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த இனிமையைத் தனிமனிதரின் பிறவிக் குணமாகக் கருதி மருத்துவர் தலையில் மட்டும் கட்டுவதும் தவறு என்பது வாதத்தின் மறுபாதி.

சர்க்கரை நோயுள்ள ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். பரிசோதனையில் சர்க்கரை 280 இருக்கிறது. ‘மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?’ என்று மருத்துவர் சீட்டிலிருந்து தலை தூக்காமல் கேட்கிறார். போன முறை உண்மையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது அந்த அம்மாவுக்கு நினைவிருக்கிறது. ‘போடுறேன் டாக்டர்’ என்கிறார். உண்மையில், மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது என்று வாரத்தில் பாதி நாள் விட்டுவிடுகிறார். மருந்து போதவில்லை என்று முடிவுகட்டி மருத்துவர் அளவைக் கூட்டுகிறார். பிறகு ஊரிலிருந்து வந்த மகள், சீட்டில் உள்ளபடி வேளை தவறாமல் கொடுக்கத் தொடங்கினால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி அவர் மயங்கி விழக்கூடும். கிடைத்த தகவலுக்கு அளவைக் கூட்டியதில் குற்றம் சொல்ல முடியாது. தகவலே பொய்யானதுதான் சிக்கல். தலைசுற்றல் என்ற முக்கியமான தடயமும் அந்தப் பொய்க்குள் புதைந்துபோயிற்று. திட்டுக்குப் பயந்து நோயாளி மறைப்பதை எந்த ஆய்வகமும் கண்டுபிடித்துக் கொடுக்காது.

நோயாளியைப் பேச விட்டால் நேரம் போய்விடும் என்பது மருத்துவர்களின் வழக்கமான அச்சம். ஹோவர்ட் பெக்மனும் ரிச்சர்ட் ஃபிராங்கெலும் 1984இல் வெளியிட்ட ஆய்வில் 74 சந்திப்புகளின் ஒலிப்பதிவைக் கேட்டார்கள். நோயாளி பேசத் தொடங்கி சராசரியாக 18 வினாடியில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். சொல்ல வந்ததை முடித்தவர்கள் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் இதை மாற்றிப் பார்த்தார்கள். 335 நோயாளிகளை, அவர்களாக நிறுத்தும்வரை, குறுக்கிடாமல் கேட்டார்கள். 2002இல் வெளியான அந்த ஆய்வின்படி அவர்கள் பேசியது சராசரியாக 92 வினாடி. ஐந்தில் நான்கு பேர் அளவுக்கு 2 நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள்.

இந்த வாதத்துக்கு அதிகம் எடுத்துக்காட்டப்படும் சான்று வெண்டி லெவின்சன் குழுவினர் 1997இல் வெளியிட்டது. அமெரிக்காவின் ஆரிகன், கொலராடோ மாநிலங்களில் பொது மருத்துவர்கள் 59 பேர், அறுவை மருத்துவர்கள் 65 பேர். ஒவ்வொருவருக்கும் சுமார் பத்துச் சந்திப்புகள் பதிவாயின. நோயாளிகள் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுக்காத பொது மருத்துவர்கள் ஒரு நோயாளியோடு சராசரியாக 18.3 நிமிடமும், வழக்குக்கு ஆளானவர்கள் 15 நிமிடமும் செலவிட்டிருந்தார்கள். ‘முதல்ல உங்களைப் பரிசோதிக்கிறேன், அப்புறம் விவரமா பேசலாம்’ என்பதுபோல் வழக்கு வராதவர்கள் அடுத்து நடக்கப்போவதை முன்கூட்டிச் சொன்னார்கள், நோயாளியின் கருத்தைக் கேட்டார்கள், கூடவே சிரித்தார்கள். அறுவை மருத்துவர்களிடம் இந்த வேறுபாடு தெரியவில்லை. நளினி அம்பாடி குழுவினர் அவர்களின் குரலை மட்டும் எடுத்து, சொற்கள் புரியாதபடி வடிகட்டி, பத்து வினாடித் துணுக்குகளாகக் கேட்கவைத்தார்கள். அதட்டும் தொனி மேலோங்கி அக்கறை குறைந்த குரல், வழக்கைச் சந்தித்தவர்களை இனங்காட்டியது. அது 2002இல் வெளியானது.

இவற்றை அப்படியே நம்பிவிடவும் கூடாது. வழக்கில் சிக்கிய பிறகு ஒருவர் கடுமையானவராக மாறியிருக்கலாம். வழக்கு வராததால் சிகிச்சை சரியாக இருந்தது என்றும் ஆகாது. தமிழ்நாட்டில் இதே ஆய்வைச் செய்தால் குரலோடு இன்னொன்றையும் அளக்க வேண்டும். அறுபது வயது விவசாயக் கூலிப் பெண்ணை ‘வா, உட்காரு, உனக்கு என்ன பண்ணுது?’ என்று முப்பது வயது மருத்துவர் கேட்பதும், அடுத்து வரும் ஆசிரியரை ‘வாங்க, உட்காருங்க’ என்பதும் நம் வெளிநோயாளர் பிரிவுகளில் இன்றும் காதில் விழுகிறது. அந்த ஒருமை விளிப்பில் சாதியும் வர்க்கமும் கலந்திருக்கின்றன. அதைக் கேட்ட பெண் அதன்பின் எதைச் சொல்வார், எதை விழுங்குவார் என்பது மருத்துவக் கேள்வியே.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஜோஷுவா ஃபென்டன் குழுவினர் 2012இல் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கர்களின் தரவை ஆராய்ந்தபோது, மருத்துவரிடம் மிகுந்த மனநிறைவு கொண்டவர்களிடையே மருத்துவச் செலவும் மரணமும் கூடுதலாகவே இருந்தன. காரணம் எது, விளைவு எது என்று இதிலும் அறுதியிட முடியாது. ஆனால் நமக்கு இது அந்நியமான செய்தி அல்ல. ‘ஒரு ஊசி போட்டு விடுங்க’, ‘ட்ரிப்ஸ் ஏத்தினா தெம்பா இருக்கும்’ என்று கேட்டதையெல்லாம் செய்பவர், பட்டம் இல்லாதவராக இருந்தாலும், ஊருக்குப் பிடித்தவராகிவிடுகிறார். ஆகவே கேட்பதற்கு இணங்குவதும் சொல்வதைக் கேட்பதும் வேறுவேறு என்று பிரித்தாக வேண்டும். சளிக்காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று மறுத்து, ஏன் என்று விளக்கி, அந்த நோயாளி வேறு கிளினிக்கைத் தேடிப் போகாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் இனிமை அதிகம் தேவைப்படுகிறது. நோயாளிகள் தரும் மதிப்பெண்ணை வைத்து மருத்துவரை எடைபோடும் நிர்வாகம் இந்த மறுப்பைத் தண்டித்துவிடுகிறது.

இனி நேரத்துக்கு வருவோம். பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2017இல் வெளியான ஒப்பாய்வில், ஒரு நோயாளிக்கு மருத்துவர் தரும் நேரம் சுவீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 வினாடி, இந்தியாவில் 2 நிமிடத்தை ஒட்டி. பாசெல் நோயாளிகளின் 92 வினாடியை இதற்குள் வைத்தால் தொட்டுப் பார்த்து மருந்து எழுத என்ன மிஞ்சும்? கூட்டம் அலைமோதும் காலை நேரத்தில் மருத்துவரின் முகம் சுருங்குவதை அவருடைய குணக்கேடாக மட்டும் படிப்பது நியாயமல்ல.

மதுரையில் 1976இல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதற்கு ஒரு வழி கண்டது. கிராமங்களிலிருந்து இளம்பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டாண்டு பயிற்சி கொடுத்து, பரிசோதனையிலும் அறுவை அரங்கிலும் அமர்த்தியது. கண்புரை அறுவை என்றால் என்ன, எந்த லென்ஸ், எவ்வளவு செலவு என்று உட்கார்ந்து சொல்வதற்கே ஆலோசகர்களை வைத்தது. நோயாளியின் பேச்சுவழக்கிலேயே பேசும் ஒருவர் அவர் பயத்தைக் கேட்டுக்கொள்கிறார். அறுவை மருத்துவரின் நேரம் அறுவைக்கு மிஞ்சுகிறது. இனிமையை நிறுவனம் தன் பொறுப்பாக்கிக்கொள்ள முடியும் என்பதற்கு இதுவே எனக்குத் தெரிந்த சிறந்த சான்று.

இந்த வழியைப் பின்பற்றுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டெல்டா விமான நிறுவனத்தின் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் காட்டியதுபோல், நாள் முழுதும் முகமலர்ச்சியோடு இருப்பதும் உழைப்புதான். அதன் களைப்பு பெரும்பாலும் பெண்கள்மீதே விழுகிறது. இந்தியாவில் 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பான்மை, அறம், தகவல்தொடர்பு ஆகியவை தனிப் பயிற்சித் தொகுதியாக இடம்பெற்றுள்ளன. வரவேற்க வேண்டிய மாற்றம் இது. ஆனால் அதைப் படித்துவிட்டு வரும் பயிற்சி மருத்துவருக்கு ஒரு காலையில் எத்தனை நோயாளிகள், அவருக்குத் துணையாக எத்தனை ஆலோசகர்கள், அந்த ஆலோசகர்களுக்கு என்ன சம்பளம், என்ன பதவி உயர்வு என்பவை இன்னும் கல்லூரிக்கு வெளியே, பணியிட ஒதுக்கீட்டுக் கோப்புகளில்தான் முடிவாகின்றன.