அமரமும் கலப்பற்றும்

கடற்கரை வரலாற்றை எழுதுவோர் துறைமுகங்களையும் வாணிகத்தையும் போர்களையும் விரித்துரைப்பர். படகைப் பேசுவோர் சிலரே. படகின் பழுதைப் பேசுவோர் அதனினும் அரியர். ஆயின் ஒரு படகு எவ்வாறு கட்டப்பட்டது என்பது அது பிரிக்கப்படும்போதுதான் முழுமையாகப் புலப்படும். இராமநாதபுரம், இராமேசுவரம் கரைகளில் சிறு மரப்படகின் இற்றுப்போன பின்பலகையை மாற்றும் பணி எளிய தச்சுவேலையாகத் தோன்றினும், அதனுள் இக்கடலின் நெடிய வரலாறு அடங்கியுள்ளது.

கட்டுமரத்திற்குப் பின்பலகை என்பதே இல்லை. ஒரே மரத்தைக் குடைந்து செய்யும் தோணிக்கும் அது வேண்டுவதில்லை. பின்புறத்தைத் தட்டையாக அடைக்கும் குறுக்குப் பலகை, பலகை அடித்துக் கட்டும் படகிற்கே உரியது. எந்திரத்தின் வருகையோடு அதன் பொறுப்பு மிகுந்தது. 1952ஆம் ஆண்டு நார்வே உடன்படிக்கையின்வழிக் கேரளத்து நீண்டகரையில் விசைப்படகு முயற்சி வேரூன்றியது. 1980களில் நாட்டுப்படகுகளிலும் வெளிப்பொருத்து எந்திரங்கள் பரவின. எந்திரத்தின் பளுவையும் அதிர்வையும் பின்பலகை தாங்க நேர்ந்தது. அதில் துளையிட்டு முடுக்கிய திருகாணிகளின் வழியே நீரும் உட்புகுந்தது.

மரத்தை உக்கச் செய்வது கடல்நீர் என்று பலர் எண்ணுவர். உண்மை வேறு. மரத்தை உக்கவைக்கும் பூஞ்சைக்கு உப்புநீர் ஒவ்வாது. நன்னீரே அதற்கு உகந்தது. கடலிலேயே கிடக்கும் படகை மரந்துளைக்கும் சிப்பியினம் அரிக்கும். கரையேற்றிய படகை ஐப்பசி, கார்த்திகை மழை கெடுக்கும். பக்கப் பலகைகளின் முனைகளெல்லாம் பின்பலகையில் வந்து முடிகின்றன. பலகையின் முகத்தைவிட அறுத்த முனையே நீரை மிகுதியாக உறிஞ்சும். ஆதலால் பின்பலகையில் தோன்றும் கேடு பக்கப் பலகைகளுக்கும் பரவுகின்றது. சுத்தியலால் தட்டுங்கால் நல்ல மரம் கணீரென ஒலிக்கும். உக்கிய மரம் மந்தமாக ஒலிக்கும். உறுதியான மரம் தென்படும்வரை வெட்டி நீக்கி, பழைய பலகையையே அளவாகக் கொண்டு புதியதை அறுப்பது முறை.

ஒரு பலகையைக் கழற்றினாலும் படகின் வடிவம் குலையாதிருப்பது எவ்வாறு? படகின் விலாவெலும்பு போன்ற வங்குகளே வடிவத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகோ கயிற்றால் தைக்கப்படுவது. அதில் தையலைப் பிரித்தே பலகையை மாற்ற இயலும். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் வெளியிட்ட ஆய்வில் இந்தியப் படகு வகைகளின் தோற்றத்தை ஆராய்ந்தார். பின்னர் ஷான் மெக்ரெயில், லூசி புளூ, எரிக் கென்ட்லி முதலியோர் தமிழகத்து வத்தைகளை ஆராய்ந்து, 2003இல் வெளிவந்த நூலில் தம் முடிவுகளை விளக்கினர். முதலில் வங்குகளை நிறுத்தி, அவற்றின்மேல் பலகை அடிப்பது வத்தை கட்டுவோர் மரபு. ஐரோப்பாவின் பழைய கப்பல் கட்டும் முறைகளோடு இதற்குள்ள ஒப்புமையையும் அவர்கள் சுட்டினர்.

இவ்வுறவுக்குச் சொற்களும் சான்று பகர்கின்றன. படகின் முன்புறம் அணியம், பின்புறம் அமரம். அமரத்தில் பொருந்தும் சுக்கான் அரபுச் சொல். பலகை இடுக்குகளில் பஞ்சினைத் திணித்து, எண்ணெயில் குழைத்த குங்கிலியத்தால் அடைப்பது கலப்பற்று. கலம், பற்று எனப் பிரித்துத் தூய தமிழென்று கருதத்தக்க இச்சொல், போர்த்துக்கீசியரின் 'கலஃபத்தே' என்பதோடு உறவுடையது. அதன் வேரும் அரபுக்கே செல்லும். அயற்சொல்லைத் தமிழ்ச் செவி தனக்கேற்பத் திருத்திக்கொண்ட அழகிற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் கரையெங்கும் பெருகின. அவற்றின் பின்பலகையுள் ஒட்டுப்பலகை வைத்திருப்பின் அதுவும் நீர் புகுந்து உக்குவதுண்டு. எனினும் அதனைச் சீர்செய்வது பிசினும் இழைத்துணியுமே. எப்படகிற்கும் முன்னும் பின்னும் உண்டாதலின் அணியமும் அமரமும் பிழைத்திருக்கும். கலப்பற்றுக்கோ அங்கு வேலையில்லை; வங்கு என்னும் சொல்லும் மெல்ல மறையும். புதிய படகால் மீனவர் பெறும் நன்மையை மறுப்பதற்கில்லை. உழைப்பு குறைவதற்காக எவரும் வருந்த வேண்டியதுமில்லை. இழப்பு அறிவின் இழப்பே.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இச்சொற்களுட் பலவற்றைக் காத்துள்ளது. ஆனால் பஞ்சினை எவ்வளவு இறுகத் திணிக்க வேண்டும், தட்டும் ஒலியில் கேட்டை எவ்வாறு அறிவது என்பன அகராதியில் அடங்கா; அவை தச்சரின் கையிலும் செவியிலும் உள்ளன. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அதுவே அவற்றைப் பழுதுபார்க்கும் காலமுமாகும். மழை முடிந்தபின் நாட்டுப்படகுகளும் செப்பனிடப்படுகின்றன. அந்நாள்களில் நம் மாணவர் குறிப்பேட்டுடன் பாம்பன், மண்டபம், தொண்டிக் கரைகளுக்குச் செல்லலாம். ஏட்டுச்சுவடிகளைத் தேடித் திரட்டிய தலைமுறைக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். எழுதப்படாத இச்சுவடியைத் திரட்டுவது பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டம் ஏற்கத்தக்க அடுத்த பணியாகும்.