மூசா புருஜின் பீரங்கியில் பற்றாசு இல்லை

கோல்கொண்டாக் கோட்டையின் மூசா புருஜ் என்னும் கொத்தளத்தின்மேல் 'அஜ்தஹா பைகர்' என்ற 17ஆம் நூற்றாண்டுப் பீரங்கி நிற்கிறது. புறத்தே நோக்குவார்க்கு அது வெண்கல வார்ப்பு. குழலின் உட்புறமோ தேனிரும்பு. கான்பூர் ஐ.ஐ.டி.யின் உலோகவியல் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் 2005இல் இதனை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். அவ்வாய்வை மேற்கோளாக்கி, 'இன்றைய இருவுலோக இணைப்பின் முன்னோடி இதுவே' என எழுதும் வழக்கம் நம்மிடையே பெருகிவருகிறது. இப்பீரங்கியின் சிறப்பை அவ்வரி மறைத்துவிடுகிறது என்பது என் கருத்து.

ஏன் இரண்டு உலோகம்? வெண்கலத்தை மூட்டின்றி ஒரே வார்ப்பாக வார்க்கலாம், அது துருப்பிடிக்காது. ஆனால் மென்மையானது, இரும்புக் குண்டுகள் ஓடியோடிக் குழலைத் தேய்த்துவிடும். செம்பும் வெள்ளீயமும் விலை மிக்கவை. தேனிரும்பு தேய்மானத்தைத் தாங்கும். ஒரே பருமனுக்கு வெண்கலத்தைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு எடை குறைவு. எனினும் இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் காய்ச்சி அடித்துச் சேர்த்த குழலில் மூட்டுகளே வலுவற்ற இடங்கள். எனவே உள்ளே இரும்பு, மேலே வெண்கலப் போர்வை.

இரும்பு உருகுவதற்கு 1500 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும். வெண்கலத்துக்கு ஏறத்தாழ 1000 போதும். ஆகவே அடித்து முடித்த இரும்புக் குழலை அச்சின் நடுவில் நிறுத்தி, சுற்றிலும் வெண்கலத்தை வார்த்தாலும் குழல் உருகாது. ஆறும்போது வெண்கலம் இரும்பைப்போல் ஒன்றரை மடங்கு சுருங்கிக் குழலை இறுகக் கவ்வும். அங்கே இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்து கலக்க வேண்டிய தேவை இல்லை. (யாப்பு பயின்றோர்க்கு ஆசிடை நேரிசை வெண்பா நினைவுக்கு வரலாம்: அடியையும் தனிச்சொல்லையும் இணைக்க இடையிலிடும் அசையே 'ஆசு'. பொற்கொல்லரின் பற்றாசிலும் உள்ளது அச்சொல்லே. கோல்கொண்டாவில் அத்தகைய இடைப்பொருள் எதுவும் இல்லை.)

ஜெர்மனியின் ஹானோவர் லைப்னிட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2015 முதல் நடைபெறும் ஆய்வு இதற்கு நேர்மாறான வரிசையில் செல்கிறது. அங்கே எஃகையும் அலுமினியத்தையும் உராய்வுப் பற்றவைப்பு போன்ற முறைகளால் முதலில் இணைக்கின்றனர். பிறகே அந்த இணைந்த துண்டைக் காய்ச்சி அடித்துத் தண்டு முதலான உறுப்புகளாக்குகின்றனர். எஃகின் எடையில் மூன்றிலொரு பங்கே உடைய அலுமினியம் பெரும்பகுதியை ஏற்பதால் உறுப்பின் எடை குறைகிறது. இடர் வெப்பத்தில்தான். எஃகைக் காய்ச்சி அடிக்க ஏறத்தாழ 1200 பாகை தேவை. அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடும். அதனால் மின்தூண்டல் வழியே எஃகுப் பகுதியை மட்டும் மிகுதியாகச் சூடேற்ற வேண்டியுள்ளது. இணைப்புமுகத்தில் இரும்பும் அலுமினியமும் வினைபுரிந்து நொறுங்கும் சேர்மப் படலத்தையும் உண்டாக்கும். அது சில மைக்ரோமீட்டர் தடித்தாலே மூட்டு பிளந்துவிடக் கூடும்.

கோல்கொண்டாக் கொல்லர் அடித்து முடித்தபின் இணைத்தார். ஆதலால் அவருடைய மூட்டின்மேல் சம்மட்டி விழவே இல்லை. ஹானோவரில் அதன்மேல்தான் விழுகிறது.